சாரலும் மெயின் சுவிட்சும்

ஜூலை 8, செவ்வாய்

மதியமே சாரல். கீழே சிப்ஸ் கடை சுடலையாண்டி அண்ணாச்சி தோளில் துண்டைப் போட்டார், மெயினை அணைத்தார், ஐந்தருவிக்குக் கிளம்பிவிட்டார். மாடியில் நான் ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. ஜன்னலில் நின்று கத்தினேன். தெருவிலிருந்து அண்ணாச்சி திரும்பிச் சொன்னார்:

“ஈரச் சுவரு, ஷாக் அடிக்கும்ட்டீ! நீயும் வந்து குளி!”

இந்த சீசனில் இது ஆறாவது முறை. யு.பி.எஸ். இருக்கிறது. பேட்டரி போனதால் அதை மானிட்டருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

கம்ப்யூட்டர் எழவில்லை. கறுப்புத் திரை. டிஸ்க்கில் பிழை, நீயே சரிசெய் என்கிறது கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ்.

உள்ளே இருப்பவை ஓடைக்கரையின் எழுபத்துமூன்று வீடுகளின் வரி ரசீதுகள், படங்கள். எல்லாம் வீட்டுமனைப் பட்டா கேட்பதற்காக. அசலைக் கொண்டுவரச் சொல்லி வாங்கி வைத்த வருவாய்த்துறை அலுவலகம், “அப்படி ஃபைலே இல்லம்மா” என்று சொல்லிவிட்டது. என் ஸ்கேன்தான் மிச்சம். திங்கட்கிழமை அங்கே மனு வாங்கும் நாள்.

தொலைச்சிட்டாங்க, தொலைச்சிட்டாங்கன்னு ஊரெல்லாம் திட்டினேனே — நான் ஒரு நகல் எடுத்து வச்சேனா? சீ.

ஜூலை 11, வெள்ளி

பழுதுபார்க்கும் கட்டளையை அடிக்கப் போனேன். மிஸ்ரியா போனில் அலறினாள். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவள், இப்போது திருநெல்வேலியில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பராமரிக்கிறாள்.

“ஏட்டி, கையை எடு! முதல்ல டிஸ்க் உசுரோட இருக்கான்னு பாரு.”

பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றிப் பார்த்தேன். டிஸ்க்கில் நூற்றுக்கும் மேல் கெட்டுப்போன இடங்கள்.

“அப்படின்னா அதைத் தொடாத. வேற டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடு. நகலை ரிப்பேர் பண்ணு.”

வேறு டிஸ்க்குக்கு எங்கே போவது? அண்ணாச்சி தன் கடை சிசிடிவி பெட்டியிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி. “நான் வாழைக்கா சீவுததுதான் கெடக்கு. அழிச்சுக்கோ.”

ஜூலை 12, சனி

நகல் ஓடுகிறது. படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து முட்டிப் பார்க்கிறது. சாரல் வந்தும் அண்ணாச்சி அருவிக்குப் போகவில்லை. மெயினுக்குக் கீழே ஸ்டூல் போட்டுக் காவல். அவர் மகனையே பக்கத்தில் விடவில்லை.

சாயங்காலம் முடிந்தது. நகலைப் பழுதுபார்த்தேன். படங்கள் வந்துவிட்டன! ஆனால் கோப்புகளின் பெயர்கள் போய்விட்டன, வெறும் எண்கள். அவற்றைப் போட்டிருக்கும் ஃபோல்டருக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பெயர்: ‘தொலைந்ததும் கிடைத்ததும்’. அந்த அலுவலகத்தில் முதல் பாதி மட்டும்தான் உண்டு.

ஜூலை 13, ஞாயிறு

ரசீது எல்லாமே வந்துவிட்டது, அதில் பெயர் இருக்கிறது. வீட்டுப் படத்தில் இல்லை. எல்லாம் ஒரே தகரம், ஒரே தட்டி. ஓடைக்கரையில் இருக்கும் வடிவம்மாள் மதினி அங்குள்ள பெண்களை மாடிக்கே கூட்டி வந்துவிட்டாள்.

“இது எங்க கதவுல்லா. ஆடு கடிச்சிருக்கு பாரு.”

“அடுத்தது யாரு வீடு?”

“கொடியில கெடக்கது எம் புருஷன் சட்டை. எங்க வீடுதான்.”

“அதே சட்டை மூணு வீட்டுக் கொடியில கெடக்கே, மதினி!” என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பில் மாடி அதிர்ந்தது. எழுபத்தொரு வீட்டுப் படங்கள் அடையாளம் தெரிந்தன. மீதி இரண்டு வீட்டையும் நனைந்துகொண்டே போய்ப் படமெடுத்து வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

எழுபத்துமூன்று மனு, எழுபத்துமூன்று ஒப்புகைச் சீட்டு. “அசல் எங்கம்மா?” என்றார் எழுத்தர். “ஒங்ககிட்டதான் சார், நல்லாத் தேடுங்க” என்றாள் மதினி. வரிசையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வியாழக்கிழமை சர்வேயர் வந்து ஓடைக்கரையை அளந்துவிட்டுப் போனார். பட்டா கைக்கு வரும்வரை நம்பப்போவதில்லை. ஆனால் அளந்தார்.

புது டிஸ்க், புது பேட்டரி. வெள்ளிக்கிழமை தோறும் எடுக்கும் நகல் மதினி வீட்டு அரிசி டிரம்மில். இந்தச் சாரலில் ஈரம் படாத ஒரே இடம் அதுதான்.

இப்போதும் சாரல். கீழேயிருந்து குரல். “செல்வி, மெயினை அணைக்கட்டா?”

“பொறுங்க அண்ணாச்சி!” சேமித்தேன், கம்ப்யூட்டரை முறையாக நிறுத்தினேன். அதன் விளக்கு அடங்கும்வரை பார்த்தேன்.

“இப்ப?”

“இப்ப அணைங்க. நில்லுங்க, நானும் வாரேன்.”

துண்டு எங்கே வைத்தேன்?