கவோரு என்று பெயர் வைப்பது பற்றி

அன்பு மகள் நொபுகோவுக்கு,

நாகசாகியில் மழைக்காலம் தொடங்கிவிட்டது, என் முழங்கால் அதை வானொலிக்கு முன்பே அறிவித்துவிட்டது, மற்றபடி நலம். டொரொண்டோவில் நீயும் மாப்பிள்ளை டேனியலும் வயிற்றில் இருப்பதும் நலமாயிருக்க வேண்டும். ஆணோ பெண்ணோ பிறக்கும்வரை தெரிந்துகொள்ளப் போவதில்லை, அதனால் இரண்டுக்கும் பொருந்தும் அப்பாவின் பெயரையே வைக்கலாமா, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளையின் வாயில் அது எளிதாக நுழைகிறது என்பதையும் ஒரு தகுதியாக எழுதியிருக்கிறாய். முதலில் மறுத்து எழுதத்தான் உட்கார்ந்தேன். கன்னியர் பள்ளியில் எங்களுக்கு, மறுப்பதானால் காரணத்தோடு மறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், ஆகவே காரணங்களைத் தேடினேன்.

பொருளில் குறை இல்லை. கவோரு என்றால் மணம் கமழ்வது, அரண்மனையில் உடைகளுக்கு நறும்புகை போட்ட காலத்திலிருந்து வரும் சொல், மே மாதத் தளிர்களைத் தடவி வரும் காற்றுக்கும் அதையே சொல்கிறோம். என் வயதுக்காரர்களில் ஆண்களிலும் உண்டு பெண்களிலும் உண்டு. அதனால்தான் உன்சென் வெந்நீர் ஊற்றுக்கு அலுவலகத்தார் போனபோது விடுதியில் அப்பாவின் படுக்கையைப் பெண்களின் அறையில் விரித்து, பூப்போட்ட அங்கியையும் மடித்து வைத்துவிட்டார்கள். விடுதிக்கார அம்மாள் "கவோரு அக்காவை இன்னும் காணோமே" என்று தேடிவர, "நான்தாங்க அந்த அக்கா" என்றாராம். அந்த அங்கியோடே சாப்பாட்டுக்கும் போயிருக்கிறார். அடுத்த வீட்டு நொகுச்சி அம்மாளோ, "இப்ப யாருங்க இந்தப் பேரை வைக்கிறாங்க, கிழவிங்க பேராச்சே! எங்க பேத்தி பேரு அவோய், பாலர் பள்ளியில மட்டும் மூணு அவோய் இருக்காங்க" என்று பெருமையடித்தாள். "அப்போ கூப்பிட்டா மூணும் திரும்பும், எங்க வீட்டுது தனியாத் திரும்பும்" என்றேன். அன்றிலிருந்து வணக்கம் மட்டும் சொல்கிறாள். செத்தவர் பெயர் பிள்ளைக்கு ஆகாது என்று உன் அத்தை தொலைபேசியில் அழுதார், நான் அதைக் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையான காரணம் வேறு. அந்தப் பெயரை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நீ பிறக்கும்வரை 'ஏங்க', பிறந்த பிறகு 'அப்பா', எங்கள் காலத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் கண் மூடிக் கிடந்தபோது நர்ஸ், "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா, காதுல விழும்" என்றாள். எனக்கு 'அப்பா' என்றுதான் வந்தது. கண்ணைத் திறந்தார், ஆகவே அதில் குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் பேரப்பிள்ளையை 'ஏங்க' என்று கூப்பிட முடியாது. நேற்றுக் காலை துணி உலர்த்தும்போது, ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "கவோரு, காலைத் துடைச்சிட்டு உள்ள வா" என்று சொல்லிப் பார்த்தேன். குரல் கொஞ்சம் அதட்டலாகத்தான் வந்தது. பிறகு ஈரத் தலையணை உறையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றிருக்கிறேன், சட்டை முன்பக்கம் நனைந்துவிட்டது.

பெயரை வை. எனக்குச் சம்மதம்.

வயிற்றையும் பாதத்தையும் குளிரவிடாதே, ஐஸ் தண்ணீர் குடிக்காதே, மாப்பிள்ளை கொடுத்தாலும் குடிக்காதே. சுகமாகப் பெற்று இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மறந்துவிடாதே: பிறந்ததும் தொலைபேசியில் நீங்கள் யாரும் பேசாமல் குழந்தையின் காதருகே அதை வையுங்கள். நான் கூப்பிட வேண்டும்.

உன் அம்மா,
கியோனோ