மூன்று தர டிரம்களும் ஃபெர்மீனின் தாளமும்

மார்ச் 24, திங்கள்

பிக்கேர் பட்டறையின் மூன்று ஸ்நேர் டிரம்கள் இப்போது என் கட்டில்மேல். ஒரே பட்டறை, மூன்று தரம். கீழ்த்தரம் தகர உடல், பிளாஸ்டிக் தோல். நடுத்தரம் பித்தளை. மேல்தரமும் பித்தளைதான், ஆனால் ஆட்டுத் தோல். அடித்தோலை ஒட்டி ஓடும் நரம்புகளை மயிரிழை அளவுக்கு இறுக்கத் தனித் திருகு.

கடைக்கார எவுலாலியா சொன்னது: “பெரிய வெள்ளிக்கு ஒண்ண வச்சுக்க, மத்த ரெண்டும் திரும்பி வரணும். தோலக் கிழிச்ச, அது உன் தலையில.”

என் பழைய டிரம் ஃபெர்மீன் வீட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. போய்க் கேட்க மாட்டேன். ஏழு வருடம் அவனோடு, அவன் குழுவில், அவன் தாளத்தில். பிப்ரவரியில் முடிந்தது.

மார்ச் 28

இந்த வருடம் பெரியப்பா மகள் பிலாரின் குழுவில் அடிக்கிறேன். பெரிய வெள்ளியன்று ஊரே குழுகுழுவாகத் தெருவில் இறங்கி டிரம் அடிக்கும்; தெருமுனையில் இரண்டு குழுக்கள் எதிர்ப்பட்டால் யாரும் நகர்வதில்லை. அவரவர் தாளத்தை அடித்தபடி முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். எந்தக் குழு எதிராளியின் தாளத்துக்குச் சரிகிறதோ அது வழிவிடும். சரிவது எப்போதும் ஒருவரிடம்தான் தொடங்கும்.

சமையலறையில் பிலார் சொன்னாள்: “உன்ன நம்பி முன்வரிசையில நிறுத்துறேன், நியேவெஸ். அவன் மூஞ்சியப் பாத்து உன் கை அந்தப் பக்கம் போச்சுன்னா ஊரே சிரிக்கும்.”

“போகாது.”

“இப்ப முட்டை அடிச்சியே, எந்தத் தாளத்துல அடிச்ச?”

கிண்ணத்தைப் பார்த்தேன். அவன் தாளம்.

ஏப்ரல் 2

ஆலிவ் தோப்புக் கொட்டகை. பிலார் ஃபெர்மீனின் தாளத்தை அடிக்க, நான் எதிரில் எங்கள் தாளத்தை.

கீழ்த்தரம்: நாலு நிமிடம் தாங்கினேன். ஒரே இரைச்சல், என் அடியே எனக்குக் கேட்கவில்லை.
நடுத்தரம்: ஆறு.
மேல்தரம்: இரண்டுகூட இல்லை.

விலை உயர்ந்ததில்தானா நான் இவ்வளவு மோசம்?

ஏப்ரல் 3

தூங்கவில்லை. விரல்கள் போர்வையில் ஓடிக்கொண்டே இருந்தன.

ஏப்ரல் 6

காரணம் தெரிந்துவிட்டது. மேல்தர டிரம்மை நாற்காலியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். பிலார் தன் டிரம்மில் ஃபெர்மீனின் தாளத்தை அடித்தாள். யாரும் தொடாமலே நாற்காலியிலிருந்த டிரம்மின் நரம்புகள் சலசலத்தன. அவன் தாளத்துக்குப் பதில்.

எவுலாலியாவிடம் போய்ச் சண்டை போட்டேன். “அடியே, நல்ல டிரம்னா அப்படித்தான். பக்கத்துல தும்முனாக்கூடப் பேசும். அதுக்குத்தான் அந்த விலை.”

ஏப்ரல் 11

நரம்பைத் தளர்த்தினேன். இறுக்கினேன். தகரத்துக்குத் திரும்பினேன். மறுபடி பித்தளை. சரகோசா பல்கலைக்கழகத்தில் ‘பழக்கமும் விருப்பமும்’ என்று நாற்பது பக்கம் எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். கைகள் அதைப் படிக்கவில்லை.

ஏப்ரல் 15

ரொட்டிக்கடை வரிசை. எனக்குப் பின்னால் ஃபெர்மீன்.

“உன் டிரம்ம வந்து எடுத்துக்கயேன்.”

“வேணாம். புதுசு வாங்கியாச்சு.”

“எந்தத் தரம்?”

“மேல்தரம்.” ஏன் பொய் சொன்னேன்?

“அட, மகாராணி!” சிரித்தான். அந்தச் சிரிப்பு — போதும். எழுத வேண்டாம்.

ஏப்ரல் 17

நடுத்தரம். காரணம் கேட்காதே.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பகல் பன்னிரண்டு மணிக்குச் சதுக்கத்தில் முதல் அடி விழுந்தது. அப்புறம் ஊரே ஊதா அங்கியும் சத்தமும். மூன்று மணிக்குத் தேவாலய முனையில் அவர்கள். எனக்கு நேர் எதிரில் அவன்.

முகத்தைப் பார்க்கவில்லை, குச்சிகளையே பார்த்தேன். கட்டைவிரல் தோல் உரிந்து டிரம்மில் சிவப்புப் பொட்டுகள். எங்கள் தாளம், எங்கள் தாளம், விடாதே. நாற்பது நிமிடமாம், பிலார் சொல்கிறாள்.

திடீரென்று சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான். என் கை அவன் தாளத்தில் இருந்தது. எப்போது போனது? செத்தேன் என்று நிமிர்ந்தேன். அவன் குழுவும் சிரித்துக்கொண்டிருந்தது, அவனைப் பார்த்து. அவன் அடித்துக்கொண்டிருந்தது எங்கள் தாளம்.

“ஏய், ரெண்டும் வீடு மாறிப் போயிருச்சுப்பா!” யாரோ கத்தினார்கள்.

இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தினோம்.

“இப்ப யாருடி வழிவிடணும்?” என்றாள் பிலார். யாருக்கும் தெரியவில்லை, இப்படி நடந்ததே இல்லையாம். கடைசியில் இரண்டு குழுவும் பக்கவாட்டில் திரும்பி, டிரம்கள் இடித்துக்கொள்ள, நெருக்கியடித்து ஒன்றையொன்று கடந்தன. அவன் தோள் என் தோளில் உரசியது.

“என்னையேவா கேட்டுக்கிட்டு இருந்த?” என்றான்.

“நீ மட்டும்?”

அவன் காது சிவந்தது. என் பக்கம் கை போய்விடுமோ என்று அவனும் பயந்திருக்கிறான். இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த தெருவில் எங்கள் தாளத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, கை தானாகவே அதற்குப் போனது.

ஏப்ரல் 19, சனி

மதியம் இரண்டு மணிக்கு ஊர் முழுக்க டிரம் சத்தம் ஒரே நொடியில் நின்றது. காதுக்குள் மட்டும் இன்னும் இரைச்சல். சதுக்கத்தின் மறுமுனையில் ஃபெர்மீன் நின்றதாகவும், கை காட்டியதாகவும் பிலார் பிறகு சொன்னாள். நான் குனிந்து, உரிந்த கட்டைவிரலில் கட்டியிருந்த, ரத்தத்தில் ஒட்டிப்போன துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பயங்கரப் பசி.