கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மார்ச் 4
குளியலறை வாசலில் மனைவி கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அடிபடவில்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. அவள் சிரித்தாள், நான்தான் தூக்கி நிறுத்தினேன்.

மார்ச் 9
ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி ரொம்பக் குறைவாம். எலும்பும் தசையும் தளருமாம். இந்த வயதில் விழுந்தால் படுத்த படுக்கைதான் என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். “கொஞ்ச நேரம் வெயில்லயும் உக்காருங்கம்மா.”
படுக்கை என்ற சொல் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மார்ச் 10
வாசலில் உட்காருகிறேன் என்கிறாள். படியிறங்கி விழுந்து தொலைத்தால்? கூடாது என்றுவிட்டேன். ஊரெல்லாம் ஜன்னல் கண்ணாடி மாட்டியவன் நான். ஹாலில் என் கையால் பொருத்திய திறக்காத பெரிய கண்ணாடி இருக்கிறது. காலையில் வெயில் கொட்டும். நாற்காலியை அங்கே போட்டேன்.
“மீன் தொட்டில விட்ட மாதிரி இருக்கு” என்றாள். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

ஏப்ரல் 2
தினமும் கண்ணாடியைத் துடைக்கிறேன். வெயில் குறையக்கூடாதே.

ஜூன் 17
மாத்திரை தீர்ந்தது. திரும்ப வரச் சொன்னார்தான். மறுபடி படியிறக்கி அலைக்கழிப்பானேன்? வெயில்தான் இருக்கிறதே.

செப்டம்பர் 21
விழுந்துவிட்டாள். அந்த நாற்காலியிலிருந்து எழும்போதுதான். இடுப்பெலும்பு. பக்கத்து அறையில்தானே இருந்தேன் — ஒரு குரல் குடுத்திருக்கலாமே, ஏன் கூப்பிடல?

செப்டம்பர் 26
ஆபரேஷன் முடிந்தது. வைட்டமின் டி இன்னும் குறைந்திருக்கிறதாம். தினமும் வெயிலில் வைத்தேனே என்று டாக்டரிடம் சண்டைக்கே போனேன்.
“எங்க உக்கார வச்சீங்க?”
சொன்னேன்.
“மூடின கண்ணாடி வழியா வெளிச்சமும் சூடும்தாங்க வரும். இதுக்கு வேண்டிய கதிரை அது தடுத்துடும்.”
தூசி வராது, சாரல் வராது என்று எத்தனை வீட்டில் பெருமையடித்திருப்பேன். இது தெரியவில்லை. மகள் வெளியே காத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான்தான் அவ அம்மாவ உள்ள வச்சு அடைச்சேன். வேற யாரு?

அக்டோபர் 19
வீட்டுக்கு வந்துவிட்டாள். மாத்திரை கொடுக்கிறேன்.

நவம்பர் 3
சுற்றியிருந்த மரச்சட்டத்தைப் பெயர்த்துக் கண்ணாடியைக் கழற்றினேன். கட்டிலை நகர்த்தி அங்கே போட்டேன். காற்று வந்தது.
“தூசி வருதுங்க.”
“வரட்டும்.”
கையை வெளியே நீட்டி வெயிலில் வைத்துக்கொண்டாள். “வாசல்னா இன்னும் நல்லா இருக்கும்” என்றாள்.
படிக்குக் கைப்பிடிக் கம்பி வைக்க ஆளை வரச் சொல்லியிருக்கிறேன். அவளால் இன்னும் எழுந்து நிற்க முடியவில்லை.