மிச்சம் கிடந்த குழி

12-11-67, திண்டுக்கல்

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து இன்றோடு இருபது நாள். கட்டிலை ஒட்டி மேஜை போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன். சென்னையில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றப் போகிறார்கள். மழைக் கணக்குப் புரோகிராமை அந்த மெஷினின் மொழியிலிருந்து புது மெஷினின் ஃபோர்ட்ரான் மொழிக்கு மாற்றுவது என் பொறுப்பு. டிசம்பருக்குள் இரண்டும் ஒரே விடை சொல்ல வேண்டும். இல்லையென்றால் என் இடத்துக்கு வேறு ஆள். லீவு கேட்டபோதே தலைவர் சொல்லிவிட்டார்.

15-11-67

பழையதில் நாற்பது வரி, புதியதில் ஆறு. குறைகிறதே என்று சந்தோஷப்பட முடியவில்லை. நாற்பதையும் புரிந்துகொண்டால்தானே ஆறு வரும்? முன்னால் எழுதிய புண்ணியவான் ஒரு வார்த்தை விளக்கம் வைக்கவில்லை.

நடுவில் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தேன், கஞ்சி கொடுத்தேன். முதுகு விண்விண் என்கிறது.

21-11-67

இங்கே ஏது மெஷின்? நான்தான் மெஷின். புதுத் தாளில் கட்டம் போட்டு, வரி வரியாக ஓட்டிப் பார்த்தேன். பழைய மெஷின் தந்த விடையோடு அச்சாகப் பொருந்தியது. தபாலில் சேர்த்துவிட்டேன். சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் அங்காளம்மாள் அதைக் கார்டில் துளைகளாகக் குத்தி, புது மெஷினில் ஓட்டிவிட்டு எழுதுவாள்.

2-12-67

அங்காளம்மாள் கடிதம். தப்பு விடை.

5-12-67

இன்னொரு கடிதம். அதே கார்டுக் கட்டு, திங்களன்று ஒரு விடை, புதனன்று வேறொன்று. "மெஷினுக்குப் பேய் பிடிச்சிருக்கா, உங்களுக்கா?" என்று எழுதியிருக்கிறாள். எனக்குத்தான்.

9-12-67

மூன்றாம் முறையும் கையால் ஓட்டினேன். சரியாகத்தான் வருகிறது! எனக்குச் சரி, அதற்கு ஏன் தப்பு?

அம்மா மெல்லக் கேட்டாள்: "அந்தக் கணக்கு சரியாப்போச்சுன்னா நீ போயிருவியா?"

சரியானால் அம்மாவை விட்டுப் போக வேண்டும். ஆகாவிட்டால் வேலை போகும். எதற்காக இப்படி மாரடிக்கிறேன்?

14-12-67

மத்தியானம் பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி பல்லாங்குழி கொண்டுவந்தாள். தலையணையில் சாய்ந்தபடி அம்மா நாலு ஆட்டம் ஜெயித்தாள். ஐந்தாவதில் ஜெய்தூன் கத்தினாள்.

"இங்க பாரு புள்ள, உங்கம்மா செய்யிற வேலைய! போன ஆட்டத்து முத்தக் குழியிலயே வச்சுக்கிட்டு, அதுக்கு மேல அஞ்சப் போடுறாக!"

அம்மாவுக்கு வெட்கமே இல்லை. "நீ பாக்கலைன்னா அது என் தப்பா?"

எனக்கும் எரிச்சல். "குழியைத் துடைச்சுட்டு ஆடும்மா, சின்னப்பிள்ளையா நீ?" என்று சத்தம் போட்டேன். போட்ட வாய் அப்படியே நின்றது.

துடைக்காதது நான். பழைய மெஷினில் வேலை தொடங்குமுன் ஆபரேட்டர் பொத்தானை அழுத்தி, எண்கள் தங்கும் எல்லா இடத்தையும் பூஜ்யமாக்கிவிடுவார். அது அவர் கை வேலை, எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. எழுதியதை மட்டும் மாற்றினேன். புது மெஷினில் அந்தப் பழக்கம் இல்லை. முன்னால் ஓட்டியவன் விட்டுப்போன எண்ணின் மேலேயே என் மழை கூடியிருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் வெற்றுத் தாளில் அல்லவா தொடங்கினேன்!

ஒரே ஒரு வரி சேர்த்தேன். கூட்டலுக்கு முன் பூஜ்யம்.

23-12-67

தந்தி. பொருந்திவிட்டது. ஜனவரி இரண்டாம் தேதி வேலைக்கு வர வேண்டும்.

சந்தோஷம் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

31-12-67

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "போ. ஜெய்தூன் இருக்கா. நானென்ன ஓடியா போறேன்?" ரயிலில் எழுதுகிறேன்.

23-1-68, சென்னை

பழைய மெஷினைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோனார்கள். எனக்கு இன்னும் ஏழு புரோகிராம் மாற்றக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜெய்தூன் சொல்லச் சொல்ல அவள் வீட்டுக்காரர் முகமது பாரூக் எழுதிய தபால் கார்டு வந்தது. அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாராம். கம்பைப் பிடித்து நாலடி நடந்தாராம். மத்தியானம் ஆட்டமும் உண்டாம். இப்போதெல்லாம் குழியைத் துடைத்துவிட்டுத்தான் ஆடுகிறாராம், தினமும் தோற்கிறாராம். ஏனென்று கேட்டதற்கு, "சத்தம் போட அவ இல்லையே" என்றாராம்.

வெள்ளிக்கிழமை குடியரசு தினம். அதோடு சேர்த்து நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.