வரிசையின் வால்

டிசம்பர் 17, புதன்

முதலாளி இன்றும் கேட்டார். வேறு ஊரில் புதிதாகத் திறக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நான்தான் பொறுப்பாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

போக ஆசை. ரொம்ப ஆசை. எழுதும்போதே திருடியதுபோல் இருக்கிறது. அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தானே.

சொல்லிவிடுவோம் என்று வீட்டுக்கு வந்தால், அம்மா விடுமுறைத் தள்ளுபடி நோட்டீஸைத் தரையில் விரித்து உட்கார்ந்திருக்கிறாள். பழைய ஃபிரிட்ஜ் ராத்திரி முழுக்க முனகுகிறதாம். ரெண்டு கதவு வைத்தது வாங்கப் போகிறோமாம்.

"மேல் கதவு உனக்கு, கீழ்க் கதவு எனக்கு. சண்டையே வராது."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டீஸைப் பார்த்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

சொல்லவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

சொல்லத்தான் போனேன். அம்மா சமையலறை மூலையை அளந்துகொண்டிருந்தாள். "அந்த முனையப் பிடி" என்றாள். பிடித்தேன். ஒருத்தியை ஏமாற்றிக்கொண்டே அவளுக்கு டேப் பிடிப்பது எப்படி என்று யாராவது கேட்டால், வகுப்பே எடுப்பேன்.

நாளை விடிவதற்குள் கடை வாசலில் நிற்க வேண்டும். போகும் வழியில் சொல்லிவிடுவேன். கட்டாயம்.

டிசம்பர் 20, சனி

போகும் வழியில் சொல்லவில்லை.

அம்மா தியேட்டரில் டிக்கெட் கொடுத்தவள். வேலைக்காலம் முழுக்கச் சின்ன ஓட்டை வழியாக வரிசையைப் பார்த்தவளுக்கு, ஓய்வு பெற்ற பிறகு வரிசைக்குள் நிற்பதில் ஒரு வெறி. அதற்கென்று ஒரு சட்டமும் வைத்திருக்கிறாள். முதலில் ஒரு ஆள், கடைசியில் ஒரு ஆள்.

"கூட்டம் மிஞ்சினா வால் பக்கம் இன்னொரு கதவத் திறப்பாங்க. எத்தன தடவ நானே திறக்கச் சொல்லியிருக்கேன்."

ஆகவே அவள் தலை, நான் வால். வாலாக இருப்பது லேசான வேலை இல்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் "நீங்க முன்னாடி போங்க" என்று அனுப்பிவிட்டு நான் பின்னால் நகர வேண்டும். இருட்டில் இப்படி ஒருத்தி வழிவிட்டுக்கொண்டே இருந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? ஒருவர் பர்ஸை உள்சட்டைக்கு மாற்றினார்.

கடைசியாக வந்தது ஒரு நர்ஸ். நைட் டியூட்டி முடிந்த யூனிஃபார்மோடு.

"ஏம்மா, கடைக்கு வந்துட்டு உள்ள போக மனசில்லையா?"

அவ்வளவுதான். உடைந்துவிட்டேன். முதலாளி, புது ஊர், அம்மா, ஃபிரிட்ஜ், ரெண்டு கதவு, எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன். அவர் திரும்பி, முன்னால் மடக்கு நாற்காலியில் இருந்தவரிடம் அப்படியே ஒப்பித்தார். நாற்காலிக்காரர் அவருக்கு முன்னால் இருந்தவரிடம். ஒவ்வொரு தலையாக என்னைத் திரும்பிப் பார்த்தது.

வரிசை கட்டிடத்தின் மூலையில் வளைகிறது. அதற்கு அப்பால் அம்மா.

"ஐயோ, நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். அதற்குள் மூலையைத் தாண்டிவிட்டது.

முதலில் கேள்விகள் வந்தன. சம்பளம் கூடுமா? தங்க இடம் உண்டா? மாமியார் கொடுமையா? எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று பதில் அனுப்பினேன். உடனே ஒரு வரன் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. அவள் அங்கே தனியாக நின்று அழுகிறாளோ? ஓடிப் போய்ப் பார்க்கலாம், ஆனால் வாலை விட்டுவிட்டு எப்படிப் போவது?

கடைசியில் நாற்காலிக்காரர் நர்ஸின் காதில் ஏதோ சொன்னார். நர்ஸ் என் பக்கம் திரும்பினார்.

"முதல்ல நிக்கிற அம்மா சொல்றாங்களாம். அந்தப் பொண்ணு தாராளமா போகட்டும், அவ அம்மா ஒண்ணும் கரைஞ்சு போயிட மாட்டாளாம். ஆனா பெத்தவகிட்ட நேர்ல சொல்லாம ஊர் வழியா சொல்லி அனுப்புனதுக்கு, தலையில ஒண்ணு போடச் சொன்னாங்க."

போட்டார். அத்தனை பேரைத் தாண்டி வந்தும் அடியில் கொஞ்சமும் சேதாரம் இல்லை.

அப்போதுதான் எனக்குப் பின்னால் இருந்த ஷட்டர் ஏறியது. அம்மாவின் சட்டம் முதல்முறையாகப் பலித்தது. நான்தான் முதல் ஆள். கூட்டம் தள்ளிய தள்ளில் உள்ளே போய், எதை எடுத்தேன் என்றே தெரியாமல், தரை துடைக்கும் மாப் ஒன்றோடு வெளியே வந்தேன்.

அம்மா பில்லோடு நின்றிருந்தாள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்.

"அம்மா, ரெண்டு கதவு..."

"ரெண்டு கதவ வச்சுகிட்டு நான் ஒருத்தி எதத் திறந்து எத மூடறது?"

பஸ்ஸில் மாப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே, "அங்க குளிருமா?" என்று கேட்டாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

முதலாளிக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் அம்மாவும் நானும் மாறி மாறித் தரையைத் துடைக்கிறோம்.

ஜனவரி 10, சனி

புது ஊர். ஒரு கட்டில், ஒரு மேஜை, சரியாக மூடாத ஒரு ஜன்னல். நேற்று வந்த களைப்பில் அம்மாவுக்குச் சொல்லாமலே தூங்கிவிட்டேன். விடிவதற்குள் போன். பின்னால் ஒரே சத்தம்.

"எங்கம்மா இருக்க?"

"வரிசையிலதான். போர்வைக்குத் தள்ளுபடி. நான் தலையில நிக்கிறேன்."

"வாலுக்கு யாரு?"

"அந்த நர்ஸம்மா. அவங்கதான் கேட்டு அனுப்பியிருக்காங்க, பொண்ணு போய்ச் சேர்ந்துச்சான்னு."

"சேர்ந்துட்டேன்னு சொல்லும்மா."

அம்மா போனை வைக்கவில்லை. அவள் திரும்பிச் சொல்வது கேட்டது. அவளுக்குப் பின்னால் ஒரு ஆண் குரல், "சேர்ந்துட்டாளாம்." அதற்கும் பின்னால் வேறொரு குரல், "சேர்ந்துட்டாளாம்." அப்படியே தேய்ந்துகொண்டே போனது. மூலை திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.