பதினாறு முடிந்த பிறகு

நெல்லியாளம்
12.10.2001

என் ராசாத்தி சரிதாவுக்கு, அப்பாயி ஆண்டாயி உன் தலையில் கை வைத்து எழுதுவது. மழை விடவில்லை, முழங்கால் வலியும் விடவில்லை. அந்த இரண்டும் போக மற்றதெல்லாம் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை உன்னை டிவியில் பார்த்தோம். சுபுஹான் பாய் தன் கடை பெஞ்சுகளை ரோட்டோரம் இழுத்துப் போட்டார். லயத்து வரிசை வீடுகளிலிருந்து சனம் மொத்தமும் வந்து நின்றது. தோட்டத்தை மூடினதிலிருந்து இத்தனை முகத்தை ஒரே இடத்தில் நான் பார்க்கவில்லை.

அந்த மைக்குப் பிடித்த தம்பி சொன்னானே, "தேயிலை விலை விழுந்து வேலையை இழந்த தொழிலாளி வீரையா, கூலிக்கு மரம் வெட்டப் போய், மரம் சாய்ந்து இறந்தார். அவர் உடல்முன் மகள் பாடியதைத்தான் நாடே கேட்டது" என்று. என் மகன் பெயரை மெட்ராசில் ஒருவன் வாய் நிறையச் சொல்கிறான். இலங்கையிலிருந்து நாம் கப்பலேறி வந்த பிறகு இருபது வருசம் இந்தத் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவன். துரை ஒரு நாளாவது அவன் பெயரைச் சொன்னதுண்டா? "ஏய்" என்பான், அவ்வளவுதான்.

அப்புறம் நீ பாடினாய்.

*நிழலுக்கு வச்ச மரம் – என்னப் பெத்த அப்பா
நெஞ்சு மேல சாஞ்சதென்ன*

பக்கத்து வீட்டுத் தபித்தாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு, "ஏன்டி ஆண்டாயி, அழுவுறப்பக்கூட ஒம் பேத்திக்குச் சுதி தப்பலயே" என்றாள். "எங்க வம்சத்துல கண்ணீருகூட சுதியோடதான்டி வரும்" என்றேன்.

ஒரே ஒரு குறை. எல்லோரும் கை தட்டினபோது நீ கும்பிடவில்லை. திமிர் பிடித்தவள் என்று பேசுவார்கள். உன்னைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கப் போட்டு, கேசட்டும் வெளியிட்ட ஜானகியம்மாளுக்கு அது மரியாதை இல்லை. அடுத்த முறை கும்பிடு.

கடிதம் போடு. இந்த லயத்துக் கிழவிகளில் அஞ்சாவது படித்தவள் நான் ஒருத்திதான். நீ எழுதுவதை நானே படித்துக்கொள்வேன்.

உன்னை நினைத்துத் தலை நிமிர்ந்து நடக்கும்
அப்பாயி


சென்னை
29.10.2001

அன்புள்ள அப்பாயிக்கு, சரிதா வணக்கத்துடன் எழுதுவது. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மழையில் விறகு பொறுக்கப் போகாதீர்கள்.

அப்பாவைக் கிடத்தியிருந்த அன்றைக்கு நான் பாடவில்லை அப்பாயி. அழுதேன். மூடின பேக்டரியைப் படம் பிடிக்க வந்தவர்கள் நம் லயத்துக் காம்பரா அறைக்குள்ளும் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

இங்கே பஸ்சில் என் அழுகையைப் போடுகிறார்கள். ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "நீதானே அந்த அப்பா பாட்டுப் பொண்ணு? ரெண்டு வரி எடுத்து விடும்மா, நம்ம சம்சாரம் கேக்கட்டும்" என்றார். அந்தம்மா கையில் முறுக்குப் பொட்டலம் இருந்தது. ஸ்கூலில் நான் உள்ளே நுழைந்தால், "ஒப்பாரி வருதுடி, கர்ச்சீப்பை எடுங்க" என்கிறார்கள்.

எனக்கு வேறு பாட்டும் தெரியும் என்று ஜானகியம்மாளிடம் சொன்னேன். கொழுந்து எடுக்கும்போது தபித்தாள் பாட்டி கங்காணியைக் கேலி பண்ணிப் பாடுவாரே, அதைப் பாடிக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா ஜனங்க நீ அழறதைக் கேக்கத்தானே டிக்கெட் வாங்கறாங்க" என்றார். கண்ணீர் வராத நாளில் ஆர்மோனியக்காரர் குனிந்து, "அப்பாவை நெனச்சுக்கோம்மா" என்கிறார். நினைக்கிறேன். நினைத்தால் மரம் விழுகிறது. ஒவ்வொரு மேடையிலும் அப்பா மேல்தான் விழுகிறது.

கருமாதி முடிந்த அன்றைக்கு நான் அழுதபோது நீங்கள்தான் என் வாயைப் பொத்தினீர்கள். "பதினாறு முடிஞ்சிருச்சு ஆத்தா. இனி ஒப்பாரி வச்சா போற உசுரு வழியில நின்னு திரும்பித் திரும்பிப் பாக்கும்" என்றீர்கள். அப்பா இன்னும் வழியில்தான் நிற்கிறார். அவரைப் போக விடுங்கள்.

பேத்தியை அனுப்பிவிடுங்கள் என்று ஜானகியம்மாளுக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் கேட்டால்தான் அனுப்புவேன் என்கிறார்.

உங்கள்
சரிதா


நெல்லியாளம்
20.11.2001

அருமைப் பேத்தி சரிதாவுக்கு, அப்பாயி ஆசி கூறி எழுதுவது. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தபித்தாளுக்குக் காட்டவில்லை.

நான் சொன்னதை வைத்தே என்னை மடக்கப் பார்க்கிறாய், கெட்டிக்காரி. பிணத்தைக் கிடத்திக்கொண்டு அழுதால் ஒப்பாரி. மைக்கை வைத்துக்கொண்டு பாடினால் அது பாட்டு. பாட்டுக்குப் பதினாறும் கிடையாது, முப்பதும் கிடையாது.

உனக்கு அவன் அப்பன். நான் பெற்றவள். எனக்கு வலிக்காது என்றா நினைத்தாய்? அவனைப் புதைத்த இடத்தைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். காட்டுச்செடி மூடிவிட்டது. ஒரு கல்லை நட்டு வைக்கக்கூட நமக்கு அங்கே உரிமை இல்லை. நாளைக்குத் தோட்டத்தை வாங்குகிறவன் அவன்மேலேயே தேயிலை நடுவான். வீரையா என்று ஒருவன் இருந்தான் என்பதற்கு உன் பாட்டை விட்டால் இந்த உலகத்தில் வேறு என்ன இருக்கிறது? நீ நிறுத்தினால் அவன் பெயரும் நின்றுபோகும். அதனால் நான் ஜானகியம்மாளுக்கு எழுதப் போவதில்லை. கோபித்துக்கொள். பரவாயில்லை.

ஒரு நல்ல சேதி. ஜனவரியில் குன்னூரில் தேயிலை வியாபாரிகள் விழா எடுக்கிறார்களாம். நீ பாடுகிறாய், என்னையும் மேடை ஏற்றிப் பொன்னாடை போர்த்துவார்களாம். ஜானகியம்மாள் தன் கைப்பட எழுதியிருக்கிறார். தன் பச்சைப் பட்டுப் புடவையைத் தபித்தாள் இரவல் தருகிறாள். "டிவியில தெரியிறப்ப பொடவை எம்பொடவைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு" என்கிறாள்.

உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பாயி


சென்னை
6.1.2002

அன்புள்ள அப்பாயிக்கு,

குன்னூருக்கு வராதீர்கள்.

பழைய பாட்டு எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டதாம். விழாவுக்குப் புதிதாக ஒரு ஒப்பாரி கட்டச் சொல்கிறார்கள். யாருக்கு என்று கேட்டேன். "யாரையாவது நெனச்சுக்கோயேன்" என்கிறார் ஜானகியம்மாள். அம்மா முகம் எனக்குத் தெரியாது. அப்பாவைப் பாடித் தீர்த்தாயிற்று. மீதி இருப்பது யார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மேடையில் நீங்கள் என் எதிரே உட்கார்ந்தால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. வராதீர்கள் அப்பாயி. காலில் விழுந்து கேட்கிறேன்.

சரிதா


நெல்லியாளம்
2.2.2002

சரிதாவுக்கு,

நீ வராதே என்றாய். ஒரு சின்னப்பெண் சொல்லி நான் நிற்பதா என்று வந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். சம்பங்கி மாலை போட்டார்கள். வீரையாவின் தாயார் என்று சொல்லி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்போது எனக்கு இருந்த பெருமையை மறைக்க மாட்டேன். நீ என் முகத்தையே பார்த்தபடி பாடினாய்.

*பொன்னாட போத்தினாங்க – என்ன வளத்த அப்பாயி
கோடித்துணி ஆனதென்ன
கப்பலேறி வந்தவளே – என்ன வளத்த அப்பாயி
கண்ணுமூடிக் குந்துனதென்ன*

செத்தவர்களுக்குப் போடும் கோடியை உயிரோடு இருக்கிறவள் தோளில் போட்டாய். இருக்கிறவளுக்கு ஒப்பாரி வைப்பதைவிடப் பெரிய சாபம் நம் சனத்தில் இல்லை. அது உனக்குத் தெரியும். முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஜானகியம்மாள் என் காதில், "அழுங்கம்மா, கேமரா உங்க மேலதான் இருக்கு" என்றார்.

எழுந்து போய், உன்னைப் பார்க்காமலே பஸ் ஏறினேன். லயத்துக்கு வந்து, சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போய் வந்தவள்போல் குழாயடியில் தலை முழுகினேன். தபித்தாள் ஓடி வந்து, "பச்சத்தண்ணியில ஏன்டி சாவுற?" என்றாள். "செத்துட்டுத்தான்டி வந்திருக்கேன்" என்றேன்.

இனி உன் முகத்தில் முழிப்பதில்லை என்று இருந்தேன். நேற்று அந்த விழாவை டிவியில் போட்டார்கள். சுபுஹான் பாய் கடையில் சனம் பார்த்தது. நான் உட்கார்ந்திருந்தேன், நீ பாடினாய், நான் மறுபடி செத்தேன். இன்று காலையிலும் போட்டார்கள். பாய் என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க பாட்டி, நிறுத்திரட்டுங்களா?" என்றார். நிறுத்தினார். நீ கேட்டபோது நான் நிறுத்தவில்லை.

ஒவ்வொரு மேடையிலும் மரம் விழுகிறது என்று எழுதினாயே, அது இதுதானா?

ஜானகியம்மாளுக்கு எழுதிவிட்டேன், இந்தக் கடிதத்தோடே அதையும் பெட்டியில் போடுகிறேன். கிளம்பி வா. இங்கே உன்னைப் பாடச் சொல்ல ஒருவரையும் விடமாட்டேன். வீரையா பெயர் நின்றுபோனால் நின்றுபோகட்டும். நான் சாகிறவரை சொல்லிக்கொள்கிறேன்.

வாசலைப் பார்த்திருக்கும்
அப்பாயி


திருப்பூர்
4.2.2002

அன்புள்ள அப்பாயிக்கு,

குன்னூரிலிருந்து திரும்பிய வாரமே ஜானகியம்மாள் வீட்டைவிட்டு வந்துவிட்டேன். அங்கே எனக்கு நீங்கள் ஏதாவது எழுதியிருந்தால் அது என் கைக்கு வராது. திட்டி எழுதியிருப்பீர்கள். திட்டுங்கள்.

சாபம் விடவில்லை அப்பாயி. அதைக் கேட்டால் நீங்கள் எழுந்து வந்து என் வாயைப் பொத்துவீர்கள் என்று நினைத்தேன், கருமாதி அன்றைக்குப் பொத்தின மாதிரி. நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். விழா முடிந்ததும் வெளிச்சம் சரியில்லை என்று காலி நாற்காலியை எதிரே போட்டு இன்னொரு தடவை பாட வைத்தார்கள். அப்பா பாட்டைவிட இது நன்றாக விற்கும் என்று பேசிக்கொண்டார்கள்.

பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறேன். பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். மிஷின் சத்தத்தில் யார் குரலும் யாருக்கும் கேட்காது. பக்கத்து டேபிள் அக்கா நேற்று, "ஏன் புள்ள, உனக்குப் பாட்டுக் கீட்டு வருமா?" என்று சத்தம் போட்டுக் கேட்டார். வராதுங்க என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

விலாசம் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் வருவீர்கள், இவள்தான் என் பேத்தி என்று கம்பெனி வாசலில் நாலு பேரிடம் சொல்லாமல் உங்களால் இருக்க முடியாது.

என்றைக்காவது உங்களுக்கு நிஜமாகவே அது நேர்ந்தால், எனக்குச் சொல்லி அனுப்ப வழி இருக்காது. வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழ எனக்குக் கொடுத்துவைக்காது. அதற்காகப் பேத்தி முன்கூட்டியே பாடிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரிதா