கோயிலடிக்கு வந்த தந்தி

தேற்றாத்தீவு,
3.11.1985

அன்புள்ள தங்கச்சி இராசாத்திக்கு,

இந்த வீட்டின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க முடிவொன்று சென்ற வெள்ளிக்கிழமை எடுக்கப்பட்டது. வீடு சீதனமாக உன் பெயரில் எழுதப்பட்டது, நாங்கள் அதில் குடியிருப்பவர்கள் மட்டுமே. ஆகவே உனக்கு அறியத் தருவது என் கடமை. மூன்று நாள் ஆலோசனைக்கும், அம்மாவின் இரண்டு ஆட்சேபங்களுக்கும், உன் மச்சாளின், அதாவது என் மனைவியின், ஒரு வெளிநடப்புக்கும் பின்னர், அப்பாவின் படத்தை றேடியோவுக்கு மேலிருந்து எடுத்து வாசலுக்கு நேரே மாட்டுவதெனத் தீர்மானித்தோம். ஆணியை நானே அடித்தேன்.

காரணம் சொல்லவேண்டும். படையினர் வீடுவீடாகப் பார்க்க வருகிறார்கள். உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படுபவர் இராணுவ உடுப்புப் போட்ட ஒருவராக இருப்பது நல்லது என்பது என் வாதம். பலன் உடனே தெரிந்தது. மறுநாளே வந்த இளம் சிப்பாய் ஒருவன் படத்துக்கு முன்னால் தன்னை அறியாமல் குதிகாலைச் சேர்த்து நின்றான். பிறகு வெட்கப்பட்டு, கட்டிலுக்குக் கீழே சற்று அதிகமாகவே தேடினான்.

படத்தைக் கழற்றியபோது பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய ஓர் இலக்கம் இருந்தது. தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பட்டாள இலக்கம் என்று நினைக்கிறேன். அப்பா வெள்ளைக்காரனின் யுத்தத்துக்குப் போய் நாலு வருடம் இருந்தவர் என்பதற்கு மேல் நமக்கு என்ன தெரியும்? கேட்டால், "மணல் பாத்தன்" என்பார். அவ்வளவுதான் அவருடைய யுத்த வரலாறு.

அம்மா உனக்குச் சொல்லச் சொன்னது: "லண்டனில எல்லாம் எழுதி வெச்சிருப்பாங்களாம். வாற ஆனியோட அவர் போய்ப் பதினைஞ்சு வருஷம். திவசத்துக்கு முன்னம் அந்த நாலு வருஷமும் எங்க கிடந்தாரெண்டு அறிஞ்சாப் போதும், புள்ள."

உன் பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

அண்ணன்,
அ. வினாயகமூர்த்தி
(உப தபாலதிபர் என்பதைப் போடாவிட்டால் கை நடுங்குகிறது)


லண்டன்,
26.1.1986

அன்புள்ள அண்ணா,

கிடைத்துவிட்டது. அப்பாவின் பட்டாளப் பதிவைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

பழைய பட்டாளப் பதிவுகள் வைத்திருக்கும் அலுவலகத்தில் 'அருமைநாயகம்' என்று அப்பாவின் பெயரைக் கொடுத்து இரண்டு மாதம் தேடவைத்தேன். அப்படி ஒருவர் பிரித்தானியப் பட்டாளத்தில் இல்லவே இல்லை என்று மரியாதையாகக் கடிதம் வந்தது. பிறகு நீங்கள் அனுப்பிய இலக்கத்தைக் கொடுத்தேன். பத்தே நிமிடம். அப்பப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி, 'கோணாமலை' என்ற பெயரில் அப்பாவை நாற்பத்து நாலு வருடம் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

வெள்ளை நாடா கட்டிய கடதாசிக் கோவை. அவிழ்த்த மனிதர் எனக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டார். அண்ணா, அதில் எல்லாம் இருக்கிறது. உயரம் ஐந்தடி நாலங்குலம். இடது முழங்காலில் வெட்டுக்காயத் தழும்பு. இரண்டு பல் இல்லை. நம் வீட்டில் யாரும் எண்ணாத அப்பாவின் பற்களை இந்த நாடு எண்ணி எழுதி வைத்திருக்கிறது. பட்டாளத்தில் சேர்ந்தது 1941 டிசம்பர் 2. தொழிலாளர் படையில். கப்பலேறி வடக்கு ஆபிரிக்காவுக்குப் போயிருக்கிறார். மணல் என்றது பொய்யில்லை.

ஒரு விடயம். எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். 'மணமானவரா' என்ற இடத்தில் 'இல்லை' என்று இருக்கிறது. ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிப்பது என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இல்லை. 'கண்ணகை, கோயிலடி, தேற்றாத்தீவு' என்று இருக்கிறது. உறவுமுறை: 'பெண்'. பக்கத்தில் எழுதுவினைஞர் பென்சிலால் ஒரு குறிப்பு: 'செய்தியைத் தாங்கக்கூடியவள் இவள் ஒருத்திதான் என்று ஆள் சொல்கிறார்.'

யார் அண்ணா அந்தக் கண்ணகை?

அம்மாவின் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி,
இராசாத்தி


தேற்றாத்தீவு,
18.2.1986

அன்புள்ள தங்கச்சிக்கு,

லண்டன் கடிதம் வந்தால் இந்த வீட்டில் எப்படி வாசிக்கப்படும் என்பதை நீ மறந்துவிட்டாய். குற்றம் என்னுடையதும்தான். அம்மா கதிரையில், உன் மச்சாள் கதவடியில், அயல்வீட்டுச் சனம் ஐந்தாறு பேர் முற்றத்தில். நான் எழுந்து நின்று உரத்துப் படித்தேன். பல் வரைக்கும் எல்லோரும் மகிழ்ந்தார்கள். உத்தியோகத்தின் பழக்கம், வாய் கண்ணுக்கு முந்திப் போய்விட்டது. 'தாங்கக்கூடியவள் இவள் ஒருத்திதான்' என்று படித்த பிறகுதான் எதைப் படிக்கிறேன் என்று விளங்கியது.

அம்மா எழுந்து போய் அப்பாவின் படத்தைக் கழற்றி, நெல்லு மூட்டைக்குப் பின்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பிறகு சொன்னார்:

"கலியாணம் முடிச்சு ரெண்டு வருஷம். வயித்தில நீ ரெண்டு மாசம். அந்த மனிசன் கொழும்பில போய் நிண்டு கலியாணம் முடிக்கல்ல எண்டு சொல்லியிருக்கார். தாங்கக்கூடியவள் அவவாம். அப்ப நான் ஆர்? இந்தமுறை திவசம் இல்ல. அவ செய்யட்டும்."

விசாரணையைத் தொடங்கினேன். தேற்றாத்தீவில் கண்ணகை என்ற பெயருள்ள பெண்கள் ஒன்பது பேர். அந்தக் காலத்தில் பராயமடைந்திருக்கக் கூடியவர்கள் இருவர், ஒருவர் காலமாகிவிட்டார். மிஞ்சியவர் கோயிலடியில் பாய் பின்னுகிற கண்ணகை மாமி. அவரிடம் போய் விடயத்தைச் சுற்றிச் சுற்றிச் சொன்னேன். மாமி ஓலையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குத்தானா உன்ட அம்மா என்னைக் கண்டா முகத்தத் திருப்பிக்கொண்டு போறா? டேய் மூர்த்தி, பட்டாளத்துக்காரன் ஒருத்தன் என்னை நினைச்சிருந்தா நான் ஏன்டா இந்த வயசில பாய் பின்னுறன்? போய்ச் சொல்லு, கிடைச்சிருந்தா விட்டிருக்கமாட்டன் எண்டு."

இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

தங்கச்சி, கோவையை இன்னொரு முறை பார். அம்மா இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடுவதில்லை. "நாப்பத்தஞ்சு வருஷமா நான் ஆரோ ஒருத்தியின்ட வீட்டில இருந்திருக்கன்" என்கிறார். ஆனிக்கு முன்னர் நாம் உண்மையை அறியாவிட்டால், அப்பாவுக்கு இந்த வீட்டில் இடமில்லை.

அண்ணன்,
வினாயகமூர்த்தி


லண்டன்,
20.3.1986

அன்புள்ள அண்ணா,

லீவு போட்டுப் போனேன். அதே மனிதர், அதே கதிரை.

கோவையின் அடியில் இரண்டு தந்திகளின் பிரதிகள் இருக்கின்றன. இரண்டும் கண்ணகையின் பெயருக்கு. முதலாவது 1942 யூலை 3ஆம் திகதி அனுப்பப்பட்டது: அப்பா யூன் 21 முதல் காணாமற்போனவர், இறந்திருக்கலாமென அஞ்சப்படுகிறது. இரண்டாவது ஓகஸ்ட் 2: ஆள் படையணிக்குத் திரும்பிவிட்டார்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வைத்தியக் குறிப்பு. 'முப்பத்தேழு நாளுக்குப் பின் கால்நடையாக வந்தார். பாதங்களில் தோல் இல்லை. நிறை எண்பத்தெட்டு இறாத்தல். நோயாளி முறைப்பாடு எதுவும் சொல்லவில்லை.'

நான் இருபது வருடமாகத் தாதி. பாதத்தில் தோல் இல்லாத நோயாளி முறைப்பாடு சொல்லாததை ஒருநாளும் கண்டதில்லை. சோற்றில் ஒரு கல் கிடந்தால் வீட்டை இரண்டாக்கிய மனிதர், அண்ணா! அந்த மேசையிலேயே அழுதேன். அந்த அதிகாரி எழுந்து யன்னலடியில் போய் நின்றுகொண்டார்.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. சாவுத் தந்தி ஒன்று நம் ஊருக்கு வந்திருக்கிறது. அது ஊரில் ஒருவர் காதிலும் விழவில்லையா? அம்மா ஒருநாளும் சொன்னதில்லையே.

தங்கச்சி,
இராசாத்தி


தேற்றாத்தீவு,
12.4.1986

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை இம்முறை தபால் கந்தோரிலேயே, வாயை மூடிக்கொண்டு படித்தேன்.

தந்தி தொலைவதில்லை. இது என் தொழிலில் உள்ள ஒரே மதநம்பிக்கை. ஆகவே அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் சைக்கிளில் தந்தி கொண்டுதிரிந்த வல்லிபுரம் அண்ணரைத் தேடி வெல்லாவெளிக்குப் போனேன். வழியில் மூன்று இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். ஒரு தந்தியைப் பற்றி விசாரிக்கப் போகிறேன் என்றேன். எப்போது வந்த தந்தி என்று கேட்டார்கள். நாற்பத்திரண்டில் என்றேன். பைத்தியம் என்று விட்டுவிட்டார்கள்.

வல்லிபுரம் அண்ணருக்கு எண்பது வயது. காது மந்தம், ஞாபகம் கத்தி.

"ஓம், குடுத்தன். கண்ணகை, கோயிலடி எண்டு இருந்திச்சு. ஆர் அனுப்பினதெண்டு போஸ்மாஸ்டரிட்டக் கேட்டன். பட்டாளத்தில இருந்து எண்டார். நான் கோயிலடியில இருந்த ரெண்டு கண்ணகையிட்டயும் போனன். ரெண்டு பேரும் எங்கட இல்ல எண்டுட்டாங்க. மறுகா யோசிச்சன். கோயிலடியில இன்னொரு கண்ணகை இருக்கிறாதானே? கோயிலுக்குள்ள."

"அம்மாளுக்கா குடுத்தீங்க?"

"பேர் சரி, விலாசம் சரி. வேற ஆருக்குடா குடுக்கச் சொல்றாய்? கதவு பூட்டிக் கிடந்திச்சு. பூசை செய்யிற கப்புகனாரிட்டக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துட்டன். அடுத்த மாசம் இன்னொண்டு. அதுவும் அவவுக்குத்தான்."

இராசாத்தி, நான் அந்தக் கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்தபடியே உன் முதல் கடிதத்தை எடுத்து, 'தாங்கக்கூடியவள்' என்ற வரியை மறுபடி படித்தேன். நம் கண்ணகை அம்மன் கோயில் வருடத்தில் ஒருமுறை, வைகாசிச் சடங்குக்குத்தான் கதவு திறக்கும். அதுவரை அம்மாவிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். கண்ணால் காணாமல் அவர் நம்பமாட்டார்.

முதல் தந்தியை யூலை 9ஆம் திகதி கொண்டுபோய்க் கொடுத்ததாக அண்ணர் சொல்கிறார். அன்று அவருடைய சைக்கிள் களவு போனதாம், அதனால் திகதி மறக்கவில்லை. நான் பிறந்தது அதே மாதம் பதினோராம் திகதி என்பதைப் பதிவுக்காகக் குறிப்பிடுகிறேன்.

அண்ணன்,
வினாயகமூர்த்தி


தேற்றாத்தீவு,
10.6.1986

அன்புள்ள தங்கச்சிக்கு,

சடங்கு நடந்தது. கதவு திறந்தது.

முன்கூட்டியே கப்புகனாரிடம் பேசியிருந்தேன். அவருடைய தகப்பனார்தான் அந்தக் காலத்துக் கப்புகனார். "அம்மாளின் பெட்டகத்துக்க அப்பு வெச்ச ரெண்டு கடுதாசி கிடக்கு. என்னெண்டு ஒருத்தருக்கும் தெரியா. அவவின்ட பேர் கிடந்ததால நாங்க தொடல்ல" என்றார். பூசை முடிந்ததும் இரண்டையும் வெள்ளைத் துணியில் வைத்து வெளியே கொண்டுவந்தார். பழுப்பேறிய தந்தி உறைகள். ஒட்டிய இடத்தில் ஒட்டியபடி. நாற்பத்து நாலு வருடம் ஒருவரும் உடைக்கவில்லை.

அம்மாவை உன் மச்சாள் கைபிடித்துக் கூட்டிவந்தாள். நான் உன் கடிதத்தைப் படித்தேன். உரத்துத்தான் படித்தேன், வேண்டுமென்றே. காணாமற்போனது, முப்பத்தேழு நாள், பாதம், முறைப்பாடு இல்லாதது. பிறகு திகதிகளைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு என் வயதைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தார்.

"நீ வயித்தில நிறைமாசம்," என்றார். "அந்தச் சேதி என்ட கையில வந்திருந்தா நீயும் இல்ல, நானும் இல்ல."

 கப்புகனார் உறையை உடைக்கவா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொல்லிவிட்டார்:

"உடைக்காதீங்க. அது அவவுக்கு வந்தது. முப்பத்தேழு நாள் என்ட தலையில இறக்காம அவ தாங்கி நிண்டவ."

தபால் விதியும் அதுவேதான். பெறுநர் தவிர வேறெவரும் உடைக்கக்கூடாது. நான் விதியைச் சொல்லத் தேவையிருக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பதன் பிரதி லண்டனில் இருக்கிறது. உறை இங்கே இருக்கிறது. ஒன்றையொன்று அறியாமல் இவ்வளவு காலம் இரண்டும் கிடந்ததை நினைத்தால் எனக்கு, எதையும் கேலியாக்குகிற எனக்கு, இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நெல்லு மூட்டைக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே ஏசினார். "ஒரு வார்த்த எனக்குச் சொல்லிப்போட்டுச் செத்திருக்கலாம் இந்த மனிசன். மணல் பாத்தாராம், மணல்."

அண்ணன்,
வினாயகமூர்த்தி


லண்டன்,
29.6.1986

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற பஸ்ஸில் வாசித்து, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று தரிப்புப் போய்விட்டேன்.

சென்ற வாரம் மறுபடி போய்க் கோவையைப் பார்த்து, நாடா கட்டித் திருப்பிக் கொடுத்தபோது அந்த அதிகாரி, கண்ணகை என்பவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். ஓம் என்றேன். சந்தோசம் என்றார்.

திவசத்துக்கு நான் இங்கே விரதமிருப்பேன். அம்மாவிடம் சொல்லுங்கள். எல்லாப் பத்திரிகையிலும் நம் பக்கத்துச் செய்திதான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

தங்கச்சி,
இராசாத்தி


தேற்றாத்தீவு,
21.9.1986

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமாயிருக்கிறோம். கடிதம் பிந்தியதற்குப் பாதை காரணம், நான் அல்ல.

திவசம் சிறப்பாக நடந்தது. கண்ணகை மாமியை அம்மாவே போய் அழைத்துவந்து முதல் பந்தியில் இருத்தினார். மாமி மூன்று முறை பாயசம் வாங்கினார்.

அம்மா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறார். அவருக்கு வேறு வேலையில்லை. அப்பாவின் கதையைச் சொல்வதுதான் வேலை. கிணற்றடியில், கோயிலில், பாலர் பாடசாலை வாசலில். பெற்ற தாய்மார் வந்திருந்து கேட்கிறார்கள். அவர்களுடைய இளந்தாரிப் பிள்ளைகளும் நின்று கேட்கிறார்கள். முப்பத்தேழு நாள் இப்போது நாற்பதாகிவிட்டது, நான் திருத்துவதில்லை.

ஆவணி நடுவில் பெரிய சுற்றிவளைப்பு நடந்தது. நம் ஊரில் பதினொரு பேரைக் கொண்டுபோனார்கள். தெற்கே ஒரு முகாமில் வைத்திருப்பதாகக் கேள்வி. பெயர் பதியும்போது, ஏதும் நடந்தால் யாருக்கு அறிவிப்பது என்று அங்கும் கேட்டு எழுதுகிறார்களாம்.

நேற்றுக் காலைத் தபால் பையில் அரசாங்க முத்திரையுடன் பதிவுத் தபால் மூன்று இருந்தன. மூன்றும் கண்ணகையின் பெயருக்கு. கப்புகனாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன்.

அண்ணன்,
அ. வினாயகமூர்த்தி
உப தபாலதிபர்